ஏட்டிலிருந்து அச்சுக்கு

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் எலவனாசூர்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அதற்கு வடக்கே திருக்கோவிலூர். அந்நாட்டை முன்னாளில் ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் கொடையையும் வீரத்தையும் கபிலர் பாடியுள்ளார். அப்பாடல்களை இன்று அவ்வூர்ச் சிறுவர் புறநானூற்றில் எளிதிற் படிக்கலாம். 1894ஆம் ஆண்டுக்கு முன்னர் அஃது இயலாது. அந்நூல் ஓலைச் சுவடிகளிலேயே முடங்கிக் கிடந்தது. அதனை அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர்.

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், தலபுராணம் முதலிய பலவற்றைப் பாடம் கேட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டு அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகக் கூறினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதுமில்லை. பின்னர் முதலியார் அளித்த சிந்தாமணிப் படியைக் கையில் எடுத்தபோது, கற்றோம் என்ற எண்ணமே அவருக்குக் குலைந்தது.

பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டு எது, உரை எது என்றும் எளிதிற் புலப்படாது. எழுதினோர் செய்த பிழைகள் வேறு. ஐயர் ஒரே ஏட்டை நம்பவில்லை. பல ஊர்களுக்கும் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். சிந்தாமணி சமண நூலாதலின், கும்பகோணத்துச் சமணரிடம் சென்று ஐயங்களைக் கேட்டறிந்தார். ஆசிரியராய் இருந்தவர் மீண்டும் மாணவராக அமர்ந்தார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலுக்குரியவை என்று தேடியதே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. அரிதின் முயன்று வெளியிட்ட நூலைத் திருத்த எவரும் எளிதில் மனங்கொள்ளார். ஐயரோ புதிய செய்தி கிடைக்குந்தோறும் குறித்துவைத்து, 1907இல் அதனைத் திருத்தி மீண்டும் பதிப்பித்தார்.

பத்துப்பாட்டை ஆராய்ந்தபோது குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் சில விடுபட்டிருந்தன. ஓசைக்கேற்ற பெயர்களைத் தாமே புனைந்து நிரப்புவது புலவர் ஒருவருக்கு அரிதன்று. அவர் அதனைச் செய்யாமல் தேடினார். தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. எல்லாம் அவ்வாறு கிடைத்துவிடவில்லை. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் அகப்படவேயில்லை. அவ்விடங்களை வெறுமையாகவே விட்டார்.

ஆசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் ஆகியவற்றையும் அவர் தம் பதிப்புகளிற் சேர்த்தார். படிப்பவர் எங்கே இடர்ப்படுவர் என்பதைத் தாம் இடர்ப்பட்டே அறிந்திருந்தமையால், அவர் பதிப்புகள் மாணவர்க்குப் பெரிதும் பயன்பட்டன.

1937இல் குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டபோது அவருக்கு வயது 82. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் காலமானார். அவர் தொகுத்த ஏடுகள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற் சேர்ந்தன.