பத்தடிக்குள்ள நாலு பேர்: அலெக் இசிகோனிஸ் கதை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல இறங்கி சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிச்சவங்களுக்குத் தெரியும். வண்டி நிறைஞ்சு போச்சுன்னு நாம நினைக்கும்போது, டிரைவர் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் காட்டுவார். வண்டி பெருசாகலை, இடத்தைப் பங்கு போடும் விதம் மட்டும்தான் மாறுது. இந்த வித்தையையே ஒரு காரில் முறையாகச் செய்து காட்டி, உலகம் முழுக்க சின்ன கார்களின் வடிவத்தை மாற்றியவர் சர் அலெக் இசிகோனிஸ். மினி காரின் தந்தை.

பிறந்தது 1906 நவம்பர் 18, ஸ்மிர்னா நகரத்தில். இன்றைக்கு அது துருக்கியின் இஸ்மிர். கிரேக்க வம்சாவளியில் வந்த அப்பா கப்பல் இன்ஜின் தொழில் நடத்தினார். 1922-ல் போர் ஊருக்குள் வந்தபோது, பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்டாவுக்குக் கொண்டு போனார்கள். வீடு, தொழில் எல்லாம் போச்சு. கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துவிட்டார். 1923-ல் அம்மாவும் பையனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டனில் பேட்டர்ஸீ பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேர்ந்தார். இங்கே நம்ம ஆளுங்க பல பேருக்கு ஆறுதல் தரும் ஒரு தகவல் இருக்கு: கணக்குல மூணு தடவை ஃபெயில். ஆனா டிராயிங்கில் அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. கணக்கை அவர் கடைசி வரைக்கும் மதிக்கவில்லை. யோசனையைக் கையால் வரைந்து காட்டுவார், அதைக் கணக்கில் சரிபார்க்கும் வேலையைக் கூட இருக்கும் இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த டீம் இல்லாமல் அவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

1936-ல் மாரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் டிசைன் செய்த மாரிஸ் மைனர் 1948-ல் வெளிவந்தது. அதில் ஒரு கதை உண்டு. உற்பத்தி தொடங்கும் நேரத்தில் கார் ரொம்ப ஒல்லியா இருக்குன்னு அவருக்குப் பட்டது. மாதிரி காரை நெடுக்கில் ரெண்டா அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் பானெட் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் கார் துளியும் பிடிக்கலை. ஆனா 10 லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கு. திருவள்ளூர் ஆலையில் லான்சர் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான், உத்தரபாராவில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து அம்பாசடர் செய்த கம்பெனி. மைனரின் முன் சக்கரங்களுக்கு இசிகோனிஸ் வைத்த டார்ஷன் பார் சஸ்பென்ஷன் முறையேதான் அம்பாசடரிலும் இருந்தது.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1956-ல் சூயஸ் பிரச்சினை. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். மூணு சக்கரக் குட்டி வண்டிகள் ரோட்டில் பெருகின. மாரிஸும் ஆஸ்டினும் இணைந்து உருவான பிஎம்சி கம்பெனியின் தலைவர் லெனார்ட் லார்ட், 1957-ல் இசிகோனிஸிடம் ஒரு முழுமையான சின்ன கார் கேட்டார். ஒரே நிபந்தனை: இன்ஜின் கம்பெனியில் ஏற்கெனவே இருப்பதாக இருக்கணும்.

இசிகோனிஸ் ஆட்களிடமிருந்து ஆரம்பித்தார். காரின் நீளம் சுமார் 10 அடி. அதில் 6 அடி உட்காருபவர்களுக்கு. மிச்சத்தில்தான் இன்ஜின், கியர்பாக்ஸ், டிக்கி எல்லாம். எப்படிச் சாத்தியம்?

முதல் வேலையா, நாலு சிலிண்டர் இன்ஜினை குறுக்கே திருப்பி வைத்தார். அப்பவும் பக்கத்தில் கியர்பாக்ஸுக்கு இடம் பத்தலை. அதனால் அதை இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். ரெண்டுக்கும் ஒரே ஆயில். முன் சக்கரமே இழுப்பதால், பின்னாடி வரை ஓடும் ஷாஃப்ட்டும் அதற்கான மேடும் தரையில் தேவைப்படலை. சக்கரம் வெறும் 10 அங்குலம். அந்த அளவில் டயர் இல்லாததால் டன்லப் புதுசா செய்து கொடுத்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். கதவில் கண்ணாடி இறக்கும் மெக்கானிசம் கிடையாது, தள்ளித் திறக்கும் ஜன்னல். அதனால் கதவின் உள்பக்கம் முழுக்க பொருள் வைக்கும் பையாக மாறியது. காரின் தரைப்பரப்பில் சுமார் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைத்தது.

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது. இன்ஜின் 848 சிசி.

குறையே இல்லையான்னு கேட்டா, நிறைய இருந்தது. மாதிரி காரில் கார்புரேட்டர் உறைந்ததால் இன்ஜினை அப்படியே திருப்பி வைத்தார்கள். இப்போ டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் வந்து, மழையில் நனைந்து வண்டி நின்றது. தரைத் தகடுகளின் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டுபவர் விழிப்பா இருக்கணும் என்பதற்காக சொகுசு சீட்டையும் ரேடியோவையும் அவர் விரும்பலை. யார் சொன்னாலும் கேட்கிற ஆளும் இல்லை. இதைவிடப் பெரிய குறை விலை. ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பிஎம்சிக்கு ஒவ்வொரு காரிலும் சுமார் 30 பவுண்ட் நஷ்டம்னு கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். உலகமே கொண்டாடிய கார், செய்த கம்பெனியைக் காப்பாற்றவில்லை.

ஆனா கார் ஜெயித்தது. நண்பர் ஜான் கூப்பர் மெருகேற்றிய மினி கூப்பர் 1964, 1965, 1967-ல் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1969-ல் இசிகோனிஸுக்கு சர் பட்டம். ஆனா அதற்கு முந்தைய வருஷமே கம்பெனி பிரிட்டிஷ் லேலண்டாக மாறி, அவர் ஓரங்கட்டப்பட்டிருந்தார். மினியைவிடச் சிறிய, எளிமையான 9எக்ஸ் என்ற காரை வரைந்து முடித்தார். அது ஃபேக்டரிக்குப் போகவே இல்லை. 1971-ல் ஓய்வு. 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்காமில் இறந்தார். அவர் போட்ட மினி 2000 வரை ஓடி, 53 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அந்தக் காலகட்டத்திலேயே நம்ம கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு, 1952-ல் ரெண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். அரசு அனுமதி கிடைக்காமல் அது அப்படியே நின்றுபோனது. திறமை ரெண்டு ஊர்லயும் இருந்தது. செய்யச் சொல்ல ஒரு லெனார்ட் லார்ட் அங்கே இருந்தார், இங்கே இல்லை.

அடுத்த தடவை காலேஜ் பார்க்கிங்ல ஏதாவது ஒரு ஹேட்ச்பேக்கின் பானெட்டைத் திறந்து பாருங்க. இன்ஜின் குறுக்கே இருக்கும். கியர்பாக்ஸ் இப்போ அடியில் இல்லை, இத்தாலியின் டான்டே ஜியாகோசா காட்டிய வழியில் இன்ஜின் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனா முதலில் ஆளுக்கு இடம், அப்புறம் இன்ஜினுக்கு இடம் என்ற கணக்கு அப்படியே இருக்கு. அதைப் போட்டவர் கணக்குல மூணு அரியர் வைத்தவர்.