மலையைக் குடைந்து நீர் தந்த பென்னிகுயிக்

எழுமலையில் வறண்ட கண்மாய்க் கரையில் நின்று மேற்கே நோக்கின், மலைத்தொடர் கண்ணுக்குத் தென்படும். அதற்கும் அப்பால் அரபிக்கடலை நாடி ஓடிய பெரியாற்றை மதுரைச் சீமைக்குத் திருப்பிய பெருமகனாரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்கிறோம். அவரே கர்னல் ஜான் பென்னிகுயிக் ஆவார்.

இவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். எட்டு வயது நிரம்பும் தறுவாயில், 1849-இல் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருசேர இழந்தார். இங்கிலாந்தில் பொறியியல் பயின்று, 1860-இல் இந்தியா வந்து சென்னை மாகாணப் பணியில் அமர்ந்தார்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருக்கு முன்னரே தோன்றியதுதான். இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனைக் கருதினார். 1808-இல் ஆய்ந்த கேப்டன் கால்டுவெல் இயலாது என்றார். 1876–78 பெரும்பஞ்சம் அத்திட்டத்தின் இன்றியமையாமையை உணர்த்தியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. மறு ஆண்டு பணி தொடங்கியது.

அடர்ந்த காட்டில் மலேரியா தொழிலாளர் பலரைப் பலிகொண்டது. ஆற்றுவெள்ளம் தற்காலிகத் தடுப்பணைகளை அடித்துச் சென்றது. பென்னிகுயிக் மனந்தளராது மீண்டும் கட்டினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்த அணையில் தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகையைச் சேர்ந்தது. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது மக்கள் வழக்கு. அதனை வரலாறு என்பதினும் நன்றியின் மொழி எனக் கொள்வதே தகும். 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தில் அவர் மறைந்தார். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுக் கால்வாய் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமே செல்கிறது. நீர் மேட்டை நாடாது. எனவே எழுமலை இன்றும் மழையையும் கண்மாயையுமே நம்பி நிற்கிறது. கால்வாய் எட்டிய ஊருக்குப் பாத்தியதை கிட்டியது. எட்டாத ஊர்க்கோ ஏக்கமே எஞ்சியது. உசிலம்பட்டிப் பகுதி மக்கள் வைகை நீர் வேண்டி நெடுங்காலம் போராடி 58 கிராமக் கால்வாயைப் பெற்றதும் இவ்வேக்கத்தின் விளைவே.

பென்னிகுயிக்கைப் போற்றுவது சிலைக்கு மாலையிடுவதோடு அமைவதன்று. வரத்துக்கால்களின் ஆக்கிரமிப்பை நீக்கலும், மடைகளைச் செப்பனிடலும், கடைமடைக்காரரின் பங்கைக் காத்தலும் நம் கடமை. ஓர் அந்நியர் மலையைக் குடைந்தார்; நாம் நம் ஊர்க் கண்மாயையேனும் தூர்வாருவோமாக!