வேப்பிலையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனவர்: மர்ஹூம் ஸலீமுஸ்ஸமான் சித்தீகி

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது கட்டைபறிச்சான். அந்தப் பக்கத்தில் வேம்பு இல்லாத வளவைத் தேடித்தான் காண வேண்டும். கொப்புளிப்பான் கண்டால் வேப்பிலை, வயிற்றில் பூச்சி என்றால் வேப்பங்கொழுந்து, சொறி சிரங்குக்கு வேப்பெண்ணெய். தமிழர் வீடாக இருந்தாலும் முஸ்லிம் வீடாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். ஆனால் அந்த இலைக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் வேலை செய்வது எது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்தக் கேள்வியைக் கேட்டு, விடை தேடி ஒரு வாழ்நாளையே செலவிட்டவர் பேராசிரியர் ஸலீமுஸ்ஸமான் சித்தீகி. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும்போதெல்லாம் எமது வீடுகளில் எழும் ஒரே கேள்வி மருத்துவ பீடம் கிடைக்குமா என்பதுதான். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்துவிட்டால், படித்த பிள்ளையின் வீடு மரண வீடு போல் ஆகிவிடுகிறது. அந்தப் பெற்றோர் இவரது வாழ்க்கையை ஒரு தடவையாவது அறிந்துகொள்வது நல்லது.

சித்தீகி 1897ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, லக்னோவுக்கு அருகே பாராபங்கி மாவட்டத்தின் சுபேஹா என்ற ஊரில் பிறந்தார். ஆரம்பக் கல்வி லக்னோவில். 1919இல் அலிகார் கல்லூரியில் பட்டம் பெற்றார். படித்ததோ தத்துவமும் இலக்கியமும். அடுத்த ஆண்டு மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இரசாயனவியலில் சேர்ந்தார். இன்று எமது ஊர்ப் பிள்ளையொன்று இப்படிச் செய்தால் குடும்பமே எழுந்து நிற்கும்.

முதல் உலகப் போரில் தோற்று, பணத்தின் பெறுமதி நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்த ஜேர்மனி அது. ஆனால் இரசாயன ஆய்வில் அக்காலத்தில் அந்நாடு முன்னணியில் இருந்தது. அங்கே பேராசிரியர் யூலியஸ் பொன் பிரவுனின் கீழ் ஆய்வு செய்து 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஓவியத்திலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். மாணவராக இருந்தபோதே 1924இல் பிராங்பேர்ட்டில் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

அவர் விரும்பியிருந்தால் ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். வருவதற்கு ஓர் இடம் இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஜாமிஆ மில்லியாவை உருவாக்கியவர்களில் ஒருவரும், கிலாபத் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவருமான ஹகீம் அஜ்மல் கான், டெல்லியில் ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியை நடத்தி வந்தார். பரம்பரை யுனானி வைத்தியர் அவர். மேற்கத்திய விஞ்ஞானத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை. எமது மூலிகைகளை நவீன ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கான ஆய்வு நிறுவனத்தை அமைக்கும் பொறுப்பு சித்தீகியிடம் வந்தது. 1927 டிசம்பரில் ஹகீம் காலமானார். ஆனாலும் சித்தீகி அந்தப் பணியைக் கைவிடவில்லை. 1940 வரை அங்கேயே உழைத்தார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தா வேர். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்த மருந்து அது. 1931இல் அந்த வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோய்க்கு அது பின்னாளில் மருந்தானது. ஒருவகைப் பரம்பரை இதயக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் வைத்தியர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் ரிசர்பீன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது உலகெங்கும் விற்பனையானது. செடி எங்களுடையது, பரம்பரை அறிவும் எங்களுடையது, மருந்துத் தொழில் மட்டும் அவர்களுடையது.

வேம்பிலும் இதே கதைதான். வேப்பெண்ணெயை ஈதர், மதுசாரம் போன்ற கரைப்பான்களால் படிப்படியாகப் பிரித்து, நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகிய கசப்புப் பொருட்களை 1942இல் சித்தீகி வெளிக்கொணர்ந்தார். அவர் மறைந்த 1994ஆம் ஆண்டிலேயே, வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பால் 2000இல் அது இரத்தானது. மேன்முறையீடும் 2005இல் தோற்றது.

1951இல் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று சித்தீகி அங்கே சென்றார். 1953இல் அந்நாட்டின் விஞ்ஞான, கைத்தொழில் ஆய்வுச் சபையை நிறுவினார். 1961இல் லண்டன் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1966இல் ஓய்வு பெற்றபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அந்த வயதில் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பட்டப்பின்படிப்பு நிறுவனமொன்றைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் படித்த அத்தாவுர் ரஹ்மான் போன்ற இளைஞர்கள் அங்கே அவரோடு சேர்ந்தார்கள். 1976இல் ஹுசைன் இப்ராஹிம் ஜமால் அறக்கட்டளை அந்நிறுவனத்துக்கு 50 இலட்சம் ரூபாய் வழங்கியது. ஒரு வர்த்தகக் குடும்பத்தின் கொடை அது. இன்று அந்த நிறுவனம் அக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வளர்ந்துவரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக 1983இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் உருவான மூன்றாம் உலக விஞ்ஞானக் கழகத்தின் ஸ்தாபக உறுப்பினர்களில் சித்தீகியும் ஒருவர். அக்கழகத்தின் புலமைப்பரிசிலில் பிற வளர்முக நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் கராச்சிக்கே வந்து பயிற்சி பெறும் நிலையும் பின்னர் உருவானது. பயிற்சிக்காக ஐரோப்பா போன ஒருவர், பிற நாட்டார் பயிற்சிக்கு வரும் இடமொன்றைக் கட்டியெழுப்பிவிட்டுப் போனார். 1990 வரை பணிப்பாளராக இருந்தார். 1994 ஏப்ரல் 14ஆம் திகதி 96ஆவது வயதில் காலமாகும்வரை ஆய்வை விடவில்லை.

வெளிநாடு போன பிள்ளைகள் திரும்புவதில்லை என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். திரும்பி வந்தால் எங்கே உட்கார்ந்து ஆய்வு செய்வது என்று அவர்கள் கேட்டால் எம்மிடம் என்ன பதில் இருக்கிறது? சித்தீகி திரும்பியதற்கு முதலில் ஒரு ஹகீமும், அவர் கட்டிய கராச்சி நிறுவனம் நிலைத்ததற்குப் பின்னர் ஒரு வர்த்தகக் குடும்பமும் துணை நின்றார்கள். எமது சமூகத்திலும் கொடையாளிகளுக்குக் குறைவில்லை. கட்டடங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். ஓர் ஆய்வு மாணவருக்கு மூன்று வருடம் உதவுவதும், ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுப்பதும் ஸதகா ஜாரியாதான் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

வாய்ப்பும் தொலைவில் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யுனானி மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. உயிரியல் படித்து மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளைக்கு இரசாயனமும் உயிர் விஞ்ஞானமும் திறந்தே கிடக்கின்றன. அடுத்த முறை பெறுபேறு வரும்போது, வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளையிடம் மருத்துவத்தை விட்டுவிட்டுப் போன இந்த மனிதரின் கதையைச் சொல்லுங்கள்.

அன்னாரின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.