பெட்டியைக் கப்பலில் ஏற்றிய லாரிக்காரர்



என் அப்பா லாரி ஷெட்டில் லோடுமேன். அவருடைய காய்த்துப் போன தோளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்க குடும்பத்துல பள்ளியைத் தாண்டி டிப்ளமோவுக்கு வந்த முதல் ஆளும் நான்தான். அதனாலோ என்னவோ, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரரின் வாழ்க்கையைப் படித்ததும் உங்களிடம் சொல்லணும் என்று தோன்றியது.

மெக்லீன் 1913-ல் வட கரோலினா மாநிலத்தில் மாக்ஸ்டன் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1931-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். 1934-ல் ஒரு பழைய லாரியை வாங்கித் தானே ஓட்டினார். இருபதே வருஷத்தில் அது நூற்றுக்கணக்கான லாரிகள் கொண்ட பெரிய கம்பெனி ஆனது.

அப்போது துறைமுகத்தில் லாரிச் சரக்கை ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, கப்பலில் மறுபடி அடுக்குவார்கள். லாரிகள் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும். லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார் மெக்லீன். ஆனால் லாரி கம்பெனி நடத்துபவர் கப்பல் கம்பெனி நடத்த அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1955-ல், தான் வளர்த்த லாரித் தொழிலையே கைவிட்டுக் கப்பல் கம்பெனியை வாங்கினார்!

1956 ஏப்ரல் 26. ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கையால் ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன செலவு, பெட்டியால் சுமார் 16 சென்ட்டாகக் குறைந்தது.

மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனிக்கணும். பெட்டியின் மூலைகளில் துளையுள்ள வார்ப்பு, அதில் நுழைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. இதை வடிவமைத்தவர் அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். லாரி, ரயில், கப்பல் மூன்றுக்கும் ஒரே பெட்டி பொருந்த இதுவே வழி செய்தது. உலகம் முழுக்க ஒரே அளவு வரட்டும் என்று 1963-ல் அந்தக் காப்புரிமையை மெக்லீன் விட்டுக் கொடுத்தார்.

அவரும் சறுக்கியவர்தான். எண்ணெய் விலை ஏறும் என்று நம்பி, வேகம் குறைந்த பெரிய கப்பல்களைக் கட்டினார். விலை இறங்கியது. 1986-ல் கம்பெனி திவால். ஆனாலும் எழுபது வயதைத் தாண்டிய பிறகு இன்னொரு கம்பெனி தொடங்கினார். 2001-ல் காலமானார்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், அங்கே மூட்டை தூக்கினவங்க என்ன ஆனாங்க என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது.

தேடிப் படித்தேன். துறைமுகங்களில் பல்லாயிரம் பேருக்கு வேலை போயிருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரைத் தொழிலாளர் சங்கம் மட்டும் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. 1960-ல் ஒப்பந்தம் போட்டு இயந்திரத்தை ஏற்றது. பதிலுக்கு வேலைப் பாதுகாப்பும் ஓய்வுத் தொகையும் வாங்கிக்கொண்டது.

மெக்லீனிடம் துணிச்சலைக் கற்றுக்கொள்வோம். ஆனால் நாளை நாம் ஒரு இயந்திரத்துக்கு டிராயிங் போடும்போது, அப்பா கேட்ட கேள்வியும் நமக்கு ஞாபகம் இருக்கட்டும் நண்பர்களே!