பீர்மேட்டிலிருந்து இலண்டனுக்கு

வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இலண்டனுக்கு வந்த முதல் மாதம், விரும்பிய பாடம் கிட்டாமல் ஊர் திரும்பிவிடலாமா என்று தவித்தேன். அப்போது என் நினைவுக்கு வந்தவர், எங்கள் மலையிலேயே, பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி அம்மையார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்பதால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை.

1945-இல் படைவீரர் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். குண்டுவீச்சில் சிதைந்த இலண்டன், உணவுக்கோ பங்கீடு. பௌதிகம் படிக்கவே வந்தார். கிடைத்ததோ வானிலைக் கருவிகளைப் பயிலும் வாய்ப்பு. இம்பீரியல் கல்லூரியில் அதையே ஊன்றிக் கற்றார்.

1948-இல் தாயகம் திரும்பிப் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைச் செம்மைப்படுத்தி, அயல்நாட்டிலிருந்து வாங்கிய கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். 2001-இல் மறைந்தார்.

நாடி வந்தது வேறு; கிடைத்தது வேறு. கிடைத்ததையே தம் துறையாக்கிக் கொண்டார் அவர். நானும் பெட்டியைக் கட்டவில்லை. மறுநாள் வகுப்புக்குச் சென்றேன்.