கோஷா ஆஸ்பத்திரி உருவானது எப்படி? மேரி ஷார்லீப் யார்?

திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்றால் ஒரு நொடி யோசிப்பார். கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அரசு மகப்பேறு மருத்துவமனையைத் தொடங்கியவர் ஆங்கிலேய டாக்டர் மேரி ஷார்லீப்.

1845-ல் லண்டனில் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். வழக்கறிஞர் வில்லியம் ஷார்லீபைத் திருமணம் செய்து, 1866-ல் மெட்ராஸுக்கு வந்தார்.

டாக்டர் ஆனது ஏன்?

அன்று டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள். கோஷா வழக்கமுள்ள முஸ்லிம் பெண்களும், கட்டுப்பாடான இந்துக் குடும்பப் பெண்களும் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். பிரசவம் சிக்கலானால் வீட்டுக்குள்ளேயே உயிர் போய்விடும். இதைக் கேள்விப்பட்ட மேரி, முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அது மட்டும் போதாது, மருத்துவமும் அறுவை சிகிச்சையும் தெரிய வேண்டும் என்பது சீக்கிரமே புரிந்தது.

1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தது. அதற்குத் துணை நின்றவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். சேர்ந்த நால்வரில் மேரியும் ஒருவர். வயது 30, மூன்று குழந்தைகளின் தாய். 1878-ல் படிப்பை முடித்தார். பிறகு லண்டன் போய் 1882-ல் எம்.பி., பி.எஸ். பட்டம் பெற்றார். மகப்பேறு பாடத்தில் தங்கப் பதக்கம். வியன்னாவிலும் பயிற்சி எடுத்தார்.

மருத்துவமனை எப்படி வந்தது?

1883-ல் மெட்ராஸ் திரும்பியவர், தான் படித்த கல்லூரியிலேயே மகப்பேறு, பெண்கள் மருத்துவப் பாடங்களை நடத்தினார். 1885-ல் விக்டோரியா மகாராணியின் பெயரில் பெண்களுக்கான மருத்துவமனையை நுங்கம்பாக்கத்தில் தொடங்கினார். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்கும் இடம் என்பதால், வாசல் தாண்டாத குடும்பங்களும் நம்பி அனுப்பின. வெங்கடகிரி ராஜாவின் நன்கொடையால் பின்னர் இப்போதைய இடத்தில் கட்டிடம் எழுந்தது.

அந்த வளர்ச்சியை இங்கிருந்து பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. உடல்நலம் கெட்டதால் 1887-ல் லண்டன் திரும்பினார்.

பிறகு என்ன ஆனது?

1888-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். வயிற்று அறுவை சிகிச்சை உயிருக்கே ஆபத்தாக இருந்த காலத்தில், அதில் கைதேர்ந்தவர் என்று பேர் வாங்கினார். 1902-ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்கள் நோய்ப் பிரிவின் டாக்டராகச் சேர்ந்தார். 1930-ல் காலமானார்.

மருத்துவமனைக்குப் பின்னாளில் கஸ்தூர்பா பெயர் வந்தது. ஆனாலும் இன்றுவரை ஊர் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் டாக்டரிடம் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பெண்களின் கதையும் அந்தப் பேரில் இருக்கிறது.