டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்

நம் கோயமுத்தூரில் கரும்பின் பெருமையை அறியாதார் இலர். 1912-ஆம் ஆண்டில் இந்நகரில் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், வெள்ளை என்னும் கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்துப் பெற்ற கோ 205 என்னும் வகை 1918-இல் வெளிவந்து, பஞ்சாப் முதலிய வடபுலத்துக் கழனிகளுக்குச் சென்றது. அதே ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பொருள் வளமற்ற மாணாக்கர் ஒருவர் பயின்றுகொண்டிருந்தார். சர்க்கரை நிலத்தில் விளையும் வரலாறு நம்மூர்க்கு உரியதாயின், அஃது உடம்பினுட் புகுந்து என்னவாகின்றது என்னும் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அம்மாணாக்கர்க்கு உரியது. அவரே எல்லப்பிரகட சுப்பாராவ்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் கணையத்தைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். எம் பாட்டியார் நாள்தோறும் காலையில், அடுப்பிற் கம்பங்களி வேகுமுன், தம் கையாலேயே இன்சுலின் ஊசி இட்டுக்கொள்வதைச் சிறு வயது முதற் கண்டு வந்துள்ளோம். அகத்தே ஊறவேண்டிய பொருள் புறத்தேயிருந்து வரவேண்டிய காரணம் யாதென வினவப் புகுந்து, இப்பெரியாரின் சரித்திரத்தில் வந்து சேர்ந்தோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் கோதாவரி நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையிற் சிறு உத்தியோகம் பார்த்தவர், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் எனக் கருதி வீட்டை விட்டு ஓடினார். தாயார் அவரை மீட்டுக் கொணர்ந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். தாயார் தம் நகைகளை விற்றுச் சென்னைக்கு அனுப்ப, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். தேர்விற் தவறியோர் நம் விடுதியிலும் உளர் ஆதலின், இதனைச் சற்று அழுத்தியே கூறுகின்றோம்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தைச் சார அவருள்ளம் விழைந்தது, தாயார் இசைந்திலர். மடத்துப் பெரியோரும் மருத்துவம் பயின்று பிணியாளர்க்குத் தொண்டு செய்தலே தக்கதென வழிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்தவர், காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கி அறுவைக் கூடத்திலும் கதராடையே உடுத்தார். அறுவைப் பேராசிரியராகிய ஆங்கிலேயர் இதனைப் பொறுத்திலர் என்பர். தேர்வுகளை நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கைகூடாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவர்க்குக் கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியின் வாயில் அடைபட்டமையால், டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றாசிரியராய் அமர்ந்தார்.

இக்காலத்தே அவர் குடும்பத்தில் இடி வீழ்ந்தது. ஸ்புரு எனப்படும் கிராணிக் கழிச்சல் அவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சின்னாள் இடைவெளியிற் கொண்டு சென்றது. உண்ட உணவு உடலிற் சேராது, இரத்தம் வற்றி, எலும்புந்தோலுமாய் மாய்க்கும் நோய் அது. அவரையும் அந்நோய் பற்றியது. லட்சுமிபதியாரின் ஆயுர்வேத மருந்தினால் உயிர் தப்பினார். மருத்துவம் பயின்ற தாமே தம்மவரைக் காக்கவியலாது நின்ற அந்நாட்களே அவரைக் கடல் கடக்கச் செய்தன எனக் கருதுகின்றோம். 1919-இல் மணந்த மனைவியார் சேஷகிரியை விட்டு, மாமனார் திரட்டித் தந்த பொருளுடன் அமெரிக்கா சென்றார். மூன்றாண்டில் மீள்வதாகச் சொல்லிச் சென்றார் என்பர். அவர் மீளவேயில்லை. பிறந்த ஆண்மகவும் ஓராண்டு நிரம்புமுன் மடிந்தது. அம்மகவின் முகத்தை அவர் கண்டிலர். அவர் புகழைப் பாடுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். எமக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை.

பாஸ்டன் நகரில், பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்று, இரவில் மருத்துவமனையொன்றில் பிணியாளரின் சிறுநீர்க் கலங்களைக் கழுவும் ஏவலாளராய் உழைத்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியலாரின் ஆய்வுக்கூடம் புகுந்தார். 1925-இல் இருவரும் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். சோதனைக் குழாயில் தோன்றும் நீல நிறத்தின் ஆழத்தைக்கொண்டு பாஸ்பரஸின் அளவை அறிவது அம்முறை. அளவுகோல் கிடைத்தபின் காணாதனவெல்லாம் காணலாயின. 1927-இல் தசையினுள் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1929-இல் அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் பொருளைப் பற்றி எழுதினர், அதனையே ஏ.டி.பி. என்கின்றோம். அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து நின்று அதனைக் கண்டறிந்தார்.

உண்ட சோறும் களியும் சர்க்கரையாய் இரத்தத்திற் கலந்து உயிரணுவினுட் புகுந்தபின், அங்கு எரிந்து தன் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் நாணயமாக மாற்றி வைக்கின்றது. உடம்பின் உயிரணுக்கள் பெரும்பாலும் இந்நாணயத்தைச் செலவிட்டே வாழ்கின்றன. ஆனால் கணையத்திலுள்ள ஒருவகை உயிரணுக்கள் அதனைச் செலவிடுவதோடு அமையாது, எண்ணியும் பார்க்கின்றன.

1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இருபத்தோராண்டு மாணாக்கர் தம் பட்ட ஆய்வில், கணையத்தினிடையே தீவுகள்போற் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளைக் கண்டு எழுதினார். அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர். மனிதக் கணையத்தில் இத்திட்டுகள் ஏறத்தாழப் பத்து லட்சம் உள. எனினும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே அவை. இத்திட்டுகளின் பீட்டா அணுக்களே இன்சுலினை ஆக்கிச் சிறு மணிகளாகச் சேமித்து வைப்பன.

இவ்வணுக்களுட் சர்க்கரை புகுதற்கு இன்சுலினின் துணை வேண்டுவதில்லை. இரத்தத்தில் எவ்வளவு ஏறுகின்றதோ அவ்வளவிற்கேற்ப உள்ளே வருகின்றது. வந்ததும் குளுக்கோகைனேஸ் என்னும் நொதி அதன்மேல் பாஸ்பேட் ஒன்றை ஏற்றுகின்றது. இந்நொதி சர்க்கரை குறைந்திருக்கையில் மந்தமாயும் மிகுந்திருக்கையில் விரைந்தும் தொழில் செய்வது. ஆகலின் இதுவே அளக்கும் மரக்கால். பின்னர் சர்க்கரை எரிய எரிய ஏ.டி.பி. மிகுகின்றது. அணுவின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் உள. ஏ.டி.பி. மிகும்போது அவ்வாயில்கள் அடைபடுகின்றன. வெளியேறவேண்டிய மின்னூட்டம் உள்ளே தங்க, சவ்வின் மின்னழுத்தம் மாறுகின்றது. அம்மாற்றத்தால் கால்சியத்தின் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் பாய்ந்ததும் இன்சுலின் மணிகள் சவ்வோடு ஒன்றி வாய்திறந்து இரத்தத்திற் சொரிகின்றன. சர்க்கரை தாழ்ந்தால் ஏ.டி.பி. குறையும், பொட்டாசிய வாயில் மீண்டும் திறக்கும், சொரிதல் நிற்கும். நொய்யல் அணைக்கட்டின் மடையைத் திறந்தும் அடைத்தும் குளத்து நீரைக் காக்கும் நீர்க்காரரின் தொழிலோடு ஒப்பிடத்தக்கது இது. இங்கோ காவலாளும் நீரும் ஒன்றே.

இவ்வாயிலின் செய்தி சுப்பாராவுக்குத் தெரியாது. 1983-இல் அகினோரி நோமா என்பார் இதயத்தின் அணுக்களில் இதனைக் கண்டார். அடுத்த ஆண்டில் பீட்டா அணுவிலும் இது காணப்பட்டது. நீரிழிவுக்கு வழங்கும் சல்போனைலூரியா மாத்திரைகள் இவ்வாயிலையே அடைக்கின்றன. பிறவியிலேயே இவ்வாயில் பழுதுற்று, ஏ.டி.பி. மிகுந்தும் அடைபடாமையால், பிறந்த சின்னாளிலேயே நீரிழிவு உறும் குழந்தைகள் உளர் என்பது 2004-இல் தெளிவாயிற்று. அதன்பின் அக்குழந்தைகளிற் பலர் ஊசியை விடுத்து மாத்திரையாலேயே நலம் பெறுகின்றனர். எம் பாட்டியாரின் நிலை வேறு. அவர்தம் பீட்டா அணுக்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன.

ஹார்வர்டு அவர்க்கு 1930-இல் முனைவர் பட்டம் அளித்ததேயன்றி, நிலைத்த பதவி அளித்திலது. 1940-இல் நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லே நிறுவனத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கு அவர் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையில் ஆக்கினர். கிராணிக் கழிச்சலுற்றோரை மீட்டது அம்மருந்து. தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்குரிய மருந்து இருபத்தைந்தாண்டு கடந்து அவர் கைப்பட்டது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும், சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகட்கு இட்ட அமினோப்டெரினும், பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசினும் அவ்வாய்வுக்கூடத்து விளைவுகளே.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கச் சென்றவர் எழுந்திலர். வயது ஐம்பத்துமூன்று. நோபல் பரிசு அவர்க்கு வந்ததில்லை. 1995-இல் நம் அரசாங்கம் அவருருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

சென்ற பருவத்தில் உயிர்வேதியியல் பயிலும் நண்பரொருவர் எம்மைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று, பாஸ்பரஸ் அளக்கும் குழாயில் நீலம் பரவுவதைக் காட்டினார். முறையின் பெயர் ஃபிஸ்க்–சுப்பாராவ் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். இரண்டாம் பெயருக்குரியவர் எந்நாட்டார் என யாம் வினவினோம். அவர் சற்று நேரம் குழாயையே நோக்கியிருந்து, ஜப்பானியர் ஆகலாம் என்றார்.